வண்டி இரவில் எங்கே தங்குகிறது?

டீ வருவதற்குள் ஒரு ரயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

திருவாரூரிலிருந்து காரைக்குடிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 2012-ல் மூடிய அந்த ரயில் பாதை, 2019 ஜூன் மாதம் முழு நீளத்துக்கும் மறுபடி திறந்தது. புதுத் தண்டவாளம், புதுப் பாலங்கள், வெள்ளையடித்த ஸ்டேஷன்கள் என்று எல்லாம் தயார். கேட் கீப்பர்கள்தான் இல்லை. வழிநெடுக இருந்த லெவல் கிராசிங்குகளுக்குப் போதுமான ஆள் போட்டிருக்கவில்லை. அதனால் ரயிலோடு சேர்ந்தே கேட் கீப்பர்களும் பயணம் போனார்கள். கேட் வருவதற்குச் சற்று முன்னால் ரயில் நிற்கும். முன்பக்கம் இருப்பவர் இறங்கிப் போய் கேட்டைச் சாத்துவார். ரயில் மெதுவாகக் கடந்து மறுபடி நிற்கும். பின்பக்கம் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். அடுத்த கேட்டிலும் இதே வேலை. இப்படியே காரைக்குடி போய்ச் சேர ஆறு மணி நேரம் போல ஆனது. அதே நேரத்துக்குப் பஸ் ஏறியவர் காரைக்குடியில் இறங்கி, வந்த வேலையைப் பார்த்து, சாப்பாட்டையும் முடித்திருப்பார்.

சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் நம் சிற்றூர்களின் போக்குவரத்துச் சிக்கல் மொத்தமும் அந்த ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. போக்குவரத்து என்பதில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, போட்டு வைக்கிற பங்கு: தார், ஜல்லி, இரும்பு, பாலம். இன்னொன்று, ஓட்டுகிற பங்கு: ஆள், வண்டி, டைமிங். முதல் பங்குக்கு ஒரே தவணையில் பெரிய பணம் ஒதுக்குவார்கள். திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. இரண்டாவது பங்குக்கு மாதா மாதம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. சிற்றூர்கள் பெரும்பாலும் தோற்பது இந்த இரண்டாவது பங்கில்தான்.

டீ வந்துவிட்டது. குடித்துக்கொண்டே கேளுங்கள்.

அந்தப் பாதையின் பழைய கதை சுவாரசியமானது. வெள்ளைக்காரன் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு ஒரு சிறு வரியைச் சேர்த்து வசூலித்து, அந்தப் பணத்தில் தனக்கென்று ரயில் பாதை போட்டது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டை வரை 1894-ல் திறந்தார்கள். பிறகு அது பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டு, பின்னாளில் காரைக்குடியைத் தொட்டது. திருத்துறைப்பூண்டி, அதிராம்பட்டினம், பேராவூரணி எல்லாம் அந்த வழியில் வருகிற ஊர்கள். இரண்டு பெருநகரங்களை இணைக்கப் போய், நடுவில் அகப்பட்ட ஊர்களில் போகிறபோக்கில் நின்றுவிட்டுப் போகிற பாதையாக அது பிறக்கவில்லை. அந்த ஊர்களுக்காகவே, அந்த மண்ணின் வரிப்பணத்தில் போட்ட பாதை. நெல்லும் உப்பும் மீனும் தேங்காயும், ஊர்க்காரர்களும், அதில் போய் வந்தார்கள். மீட்டர் கேஜ் காலத்தில் சென்னைக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் அந்த வழியாகத்தான் ஓடியது.

1992-ல் யூனிகேஜ் திட்டம் வந்தது. நாடு முழுவதும் ஒரே அகலத்தில் தண்டவாளம் வேண்டும், 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜை எடுத்துவிட்டு 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை போட வேண்டும் என்பது திட்டம். அதைக் குறை சொல்ல முடியாது. பாதையின் அகலம் மாறுகிற இடத்தில் மூட்டை முடிச்சு அத்தனையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். இன்ஜின் தனி, பெட்டி தனி, பட்டறை தனி. ஒரே அகலம் ஆனால் எல்லாச் செலவும் குறையும். தொல்லை வந்தது வேலையின் வரிசையில். பெரிய ஊர்களைச் சேர்க்கிற பாதைகளுக்கு முதலில் பணம் போனது. கிளைப் பாதைகள் கடைசி வரிசையில் நின்றன. ஆனால் மூடுவது மட்டும் சீக்கிரம் நடந்துவிடும், திறப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கு.

மதுரை–போடிநாயக்கனூர் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-ல் திறந்த பாதை. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய், 1950-களில் மறுபடி போட்டார்கள். அகலப்படுத்துவதற்காக 2010 டிசம்பர் கடைசியில் மூடினார்கள். தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன். 2010-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த போடிப் பிள்ளை, பிளஸ் டூ முடித்த பிறகுதான் தன் ஊர் ஸ்டேஷனில் மறுபடி ரயிலைப் பார்த்திருக்கும். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி போகிற 37 கிலோமீட்டர் உப்புப் பாதை அதைவிடவும் அதிக காலம் மூடிக் கிடந்தது. 294 கோடி ரூபாய் செலவில் மாற்றி, 2023 ஏப்ரலில் திறந்தார்கள். மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதை 1986-ல் நின்றது. அது திரும்பவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டு ரயில் இல்லாமல் இருக்கிற ஊர், ரயில் வரும் வரும் என்று சும்மா உட்கார்ந்திருக்காது. சீசன் டிக்கெட்டில் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பஸ்ஸுக்கு மாறுவார்கள். வசதி உள்ளவர் பைக் வாங்கிக் கொடுப்பார். முடியாதவர் பக்கத்தில் எந்தக் கல்லூரி உண்டோ அதில் சேர்த்துவிடுவார். சென்னை போகிறவர்களுக்காக பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஆம்னி பஸ் ஆபீஸ்கள் முளைக்கும். சரக்கு அனுப்புகிறவர் லாரி செட்டில் கணக்குத் தொடங்கிவிடுவார். இதெல்லாம் பழகிப்போன பிறகு ரயில் வந்து நிற்கும். முதல் மாதம் வேடிக்கை பார்க்க ஏறுவார்கள். பிறகு கூட்டம் குறையும். அப்போது ஒரு கோப்பில் எழுதுவார்கள்: இந்தப் பாதையில் பயணிகள் ஆதரவு போதாது, கூடுதல் ரயில் விடத் தேவையில்லை. மூடி வைத்ததால் போன கூட்டத்தையே, ரயில் விடாமல் இருப்பதற்குக் காரணமாகக் காட்டுகிற கணக்கு இது.

இனி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

2022-ல் மதுரை–தேனி ரயில் தொடங்கியபோது அதன் நேரம் இது: காலை எட்டரை மணிக்கு மதுரையில் புறப்பட்டு, ஒன்பதரை மணியை ஒட்டித் தேனி. மாலை ஆறேகால் மணிக்குத் தேனியில் கிளம்பி, ஏழரை மணி வாக்கில் மதுரை. நாளுக்கு ஒரு போக்கு, ஒரு வரத்து. 75 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் கடப்பது பஸ்ஸால் ஆகாத காரியம். வேகம் அருமை, கட்டணமும் குறைவு. ஆனால் இந்த நேரம் யாருக்குத் தோதானது என்று பாருங்கள். மதுரையில் குடியிருந்து தேனியில் வேலை பார்க்கிற ஊழியருக்குச் சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. தேனிக்காரருக்கு? ஐகோர்ட் கிளையில் காலை பத்தரைக்கு வழக்கு, பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது மணிக்கு டோக்கன், கல்லூரியில் முதல் வகுப்பு. எதற்கும் இந்த ரயிலில் போக முடியாது. மாலையில் மதுரைக்குப் போய், அங்கே இரவு தங்கினால்தான் உண்டு. காலையில் மதுரைக்கு ஒரு ரயில் வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் கேட்டதன் நியாயம் இதுதான்.

ஏன் இப்படி நேரம் போடுகிறார்கள்? யாருக்கும் தேனி மேல் பகை கிடையாது. அந்த ரயில் பெட்டிகள் இரவில் இருப்பது மதுரையில். கழுவுகிற பிட் லைன், பார்வையிடுகிற ஆட்கள், டீசல், லோகோ பைலட்டும் கார்டும் ஓய்வெடுக்கிற அறை, எல்லாமே மதுரையில். இரவு மதுரையில் படுக்கிற வண்டி, காலையில் மதுரையிலிருந்துதான் கிளம்பும். பெரிய ஊரில் படுத்து எழுகிற வண்டி, சிற்றூருக்கு விருந்தாளியாக வந்து போகும். விருந்தாளியை நம்பி வீட்டு வேலையை ஒப்படைக்க முடியுமா?

எந்த ஊருக்கும் இந்த ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். சாலை இருக்கிறதா, ரயில் இருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். இந்த ஊரின் வண்டி இரவில் எங்கே தங்குகிறது? விடிகாலையில் ஊரிலிருந்து வெளியே போகிற முதல் வண்டி எத்தனை மணிக்கு? ராத்திரி ஊருக்குள் வருகிற கடைசி வண்டி எத்தனை மணிக்கு? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், அந்த ஊர்ப் பெண் எந்தக் கல்லூரியில் படிக்க முடியும், எந்த வேலைக்குப் போக முடியும், காய்கறி எந்தச் சந்தைக்குப் போகும், பிரசவ வலி எடுத்தால் யாரை எழுப்ப வேண்டும் என்பது வரை சொல்லிவிடலாம்.

பஸ் விஷயத்தில் நம் மக்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் நைட் ஹால்ட் பஸ் என்றால் அவ்வளவு மதிப்பு. இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கடைசி நடையாக ஊருக்கு வந்து, கோயில் பக்கமோ ஊராட்சி ஆபீஸ் வாசலிலோ நின்று, விடிகாலை ஐந்து மணிக்கு முதல் நடையாகக் கிளம்புகிற பஸ். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். அந்த ஒரு பஸ்ஸில் விடிகாலையில் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள்: பூக்கூடை, கீரைக்கட்டு, பால் கேன், ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், டயாலிசிஸுக்குப் போகிற பெரியவர். பகலில் அதே ஊருக்குள் நான்கு நடை பஸ் வந்தாலும், இந்த ஒரு நடைக்கு ஈடாகாது.

ஆனால் டெப்போ கணக்கில் அந்த பஸ் எப்படித் தெரியும் தெரியுமா? தமிழ்நாட்டில் 1972-ல் பெரிய பஸ் கம்பெனிகளின் வழித்தடங்களை அரசு எடுத்துக்கொண்டு, பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்களை அமைத்தது. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சோழன் கழகத்துக்கு டெல்டா வந்தது. லாபம் தருகிற வழித்தடத்தின் வருமானத்தில் நஷ்ட வழித்தடத்தையும் ஓட்டுவது என்பது அப்போதைய எண்ணம். அது பெரிய விஷயம். அதனால்தான் பல கிராமங்கள் பஸ்ஸையே பார்த்தன. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு வசூல் என்பதுதான் டெப்போவின் அன்றாட அளவுகோல். டீசல் விலை ஏறும்போது, ஆள் பற்றாக்குறை வரும்போது, எந்த நடையைக் குறைக்கலாம் என்று பார்த்தால், அந்த அளவுகோலில் கடைசியில் நிற்பது இரவு ஒன்பது மணி நடை. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு போகிற நடை. அதை வெட்டிவிடுகிறார்கள். வெட்டியதும் என்ன ஆகும்? ராத்திரி திரும்பி வர பஸ் இல்லாதவர், காலையில் போவதற்கும் பஸ்ஸை நம்ப மாட்டார். எப்படியாவது கடன் வாங்கி ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வாங்கிவிடுவார். ஆக, வெட்டியது ராத்திரி நடையை. ஆள் குறைந்தது காலை நடையில். அடுத்த கணக்கெடுப்பில் காலை நடையும் நஷ்டம் என்று வரும்.

இது நம் ஊர்க் கதை மட்டுமா என்றால், இல்லை. பிரிட்டனில் ரிச்சர்ட் பீச்சிங் என்பவர் ரயில்வே வாரியத் தலைவராக இருந்தபோது, 1963-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். நஷ்டம் தருகிற கிளைப் பாதைகளை மூட வேண்டும், 2,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூட வேண்டும் என்பது சாரம். எந்த ஸ்டேஷனில் எவ்வளவு வருமானம், எத்தனை பயணிகள் என்பதற்கு அவர் பார்த்த கணக்கு 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரத்துக்கு எடுத்தது. கோடையில் கூட்டம் அலைமோதுகிற கடற்கரை ஊர்களுக்கு ஏப்ரல் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதைவிட ஒரு சூட்சுமம் உண்டு. சிற்றூரில் ஏறுகிறவர் கிளை ரயிலில் பத்து மைல் வந்து, சந்திப்பில் மாறி, லண்டனுக்கு இருநூறு மைல் போவார். கிளைப் பாதையை மூடினால் அந்த இருநூறு மைல் டிக்கெட்டும் சேர்ந்து போய்விடும். அவர் சந்திப்பு வரை கார் ஓட்டிப் போய் ரயில் ஏறப்போவதில்லை, காரிலேயே லண்டன் போய்விடுவார். எதிர்பார்த்த மிச்சம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் எல்லைப்புற ஊர்களுக்கு 1969-ல் மூடிய பாதையில் ஒரு பகுதியைப் பெரும் செலவில் மறுபடி போட்டு 2015-ல் திறந்தார்கள்.

எண்ணுகிறவர் எதை எண்ணுகிறார் என்பது அவ்வளவு முக்கியம். சாலைக்கும் ஒரு எண்ணிக்கை முறை உண்டு. இந்தியன் ரோடு காங்கிரஸ் கிராமப்புறச் சாலைகளுக்கு வகுத்த முறையில், ஒவ்வொரு வண்டியையும் எத்தனை காருக்குச் சமம் என்று மாற்றிச் சொல்வார்கள். கார் 1. மோட்டார் சைக்கிள் 0.5. பஸ்ஸும் லாரியும் 3. மாட்டுவண்டி 8. ஆம், ஒரு மாட்டுவண்டி எட்டுக் கார். மெதுவாகப் போய் வழியை அடைப்பதால் அந்த மதிப்பு. சாலை எவ்வளவு அகலம் வேண்டும் என்று கணக்கிட இது சரியான வழிதான். ஆனால் இந்தக் கணக்கில் மனிதர்கள் கிடையாது. ஐம்பத்தைந்து பேர் நிற்கவும் இடமில்லாமல் வருகிற பஸ் மூன்று; ஆளுக்கொருவராக மூவர் ஓட்டி வருகிற மூன்று காரும் மூன்று. எந்தச் சாலையை முதலில் அகலப்படுத்துவது என்று இந்த எண்ணைக் கொண்டே முடிவெடுத்தால், கார் நிறைந்த சாலை முந்திக்கொள்ளும். பஸ் நிறைந்த சாலை காத்திருக்கும். பஸ்ஸே வராததால் யாரும் போகாமல் இருக்கிற சாலை, கணக்கிலேயே வராது.

வராத பயணியை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். அதற்கு நம்மிடமே ஒரு பதில் இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று வியக்கும்படி பெண்கள் ஏறினார்கள். அவர்கள் அதுவரை வீட்டில் இருந்தவர்கள், நடந்தவர்கள், ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போனவர்கள், அம்மா வீட்டுக்கு மாதம் ஒருமுறை என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப் போட்டவர்கள். எந்த டிக்கெட் கணக்கிலும் அவர்கள் இருந்ததில்லை. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. தேவை இருந்தது, அதை அளக்கிற கோல்தான் இல்லாமல் இருந்தது.

ஆனால் இதிலும் சிற்றூருக்கு ஒரு முடிச்சு உண்டு. கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான். பேராவூரணியில் இருக்கிற பெண் சுற்றுவட்டக் கிராமங்களுக்குக் காசில்லாமல் போய் வரலாம். கலெக்டர் ஆபீஸுக்கும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் தஞ்சாவூர் போக வேண்டுமென்றால் மொஃபசல் பஸ். டிக்கெட் எடுத்தாக வேண்டும். மாநகரத்தில் குடியிருப்பவருக்கு இந்த எல்லாமே டவுன் பஸ் தூரத்துக்குள் கிடைத்துவிடும். பஸ்ஸுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதில்கூட யார் பக்கம் சலுகை சாய்கிறது என்று இருக்கிறது.

இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள். பைபாஸ் பற்றிப் பேசாமல் எழுந்தால் பாவம்.

நான்குவழிச் சாலைகள் வந்த பிறகு, வழியில் இருந்த ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெளியே பைபாஸ் போட்டார்கள். இதில் ஊருக்கு நன்மை இருந்தது, மறுக்க முடியாது. கடைத்தெருவில் லாரி உரசிக்கொண்டு போவது நின்றது. பள்ளிக்கூட வாசலில் விபத்து குறைந்தது. ராத்திரி தூங்க முடிந்தது. ஆனால் லாரியோடு பஸ்ஸும் வெளியே போய்விட்டது. பாயிண்ட் டு பாயிண்ட், பைபாஸ் ரைடர் என்று பெயர் எழுதிய பஸ்கள் ஊருக்குள் வருவதில்லை. மற்ற பஸ்களிலும் பல, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆனால் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். கைக்குழந்தையோடு, மூட்டையோடு, பாலத்தடியில் இருட்டில் நின்று ஆட்டோவுக்குப் போன் செய்கிற குடும்பத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கணக்கு என்னவென்றால், ஊருக்குள் நுழையாததால் பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேருக்கு ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் மிச்சம். இறங்குகிற நான்கு பேருக்கு ஆட்டோ செலவும் அரை மணி நேரமும் நஷ்டம். கூட்டிக் கழித்தால் லாபம்தான் என்று தாளில் வரும். ஆனால் அந்த நாற்பது பேருக்கும் மிச்சமாவது ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த நால்வருக்குப் போவது அடுத்த முறை பஸ்ஸில் வரலாமா என்கிற நம்பிக்கை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பஸ் ஸ்டாண்ட் நகராட்சியின் சொத்து. உள்ளே வருகிற பஸ்ஸுக்கு நுழைவுக் கட்டணம், கடைகளுக்கு வாடகை, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் குத்தகை என்று சின்ன நகராட்சிக்கு அது உறுதியான வருமானம். பஸ் வராத பஸ் ஸ்டாண்டில் கடை ஏலம் எடுக்க ஆள் வராது. பஸ் நிற்கிற நேரத்தை நம்பியிருந்த வேர்க்கடலைக்காரரும் பூக்காரம்மாவும் பைபாஸில் போய் நிற்க முடியாது. அங்கே நிற்க இடம் பிடித்திருப்பது ஏசி போட்ட ஓட்டல்.

இன்னொரு விஷயம்: திசை. திருவாரூர்–காரைக்குடிப் பாதையில் இருக்கிற ஊர்களைப் பாருங்கள். முத்துப்பேட்டை திருவாரூர் மாவட்டம். அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி தஞ்சாவூர் மாவட்டம். அறந்தாங்கி புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடி சிவகங்கை மாவட்டம். ஒரே பாதையில் நான்கு மாவட்டம். வரிசையாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கிற இந்த ஊர்களுக்குள் கொடுக்கல் வாங்கல், பெண் எடுத்தல் கொடுத்தல், மீன், தேங்காய், படிப்பு என்று உறவு நீளவாக்கில் ஓடுகிறது. அதிராம்பட்டினம் காதர் மொகிதீன் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு மாவட்ட எல்லை ஒரு பொருட்டில்லை. ஆனால் அரசு நிர்வாகம் மாவட்டத் தலைநகரை நடுவில் வைத்துச் சிந்திக்கிறது. வட்டாரப் போக்குவரத்து ஆணையம் மாவட்ட அளவில் இருக்கிறது, அதற்குக் கலெக்டர்தான் தலைமை. பஸ் பர்மிட் மாவட்ட எல்லையைத் தாண்டினால் அடுத்த மாவட்டத்தின் ஒப்புதலும் சேர வேண்டும். அதனால் பஸ் வழித்தடங்கள் தலைநகரை நோக்கியே அடர்த்தியாக இருக்கும்; பக்கத்து மாவட்டத்தின் பக்கத்து ஊருக்குப் போகத்தான் மாறி மாறி ஏற வேண்டியிருக்கும். குறுக்கே போகிற உறவுக்குக் கைகொடுத்தது அந்தக் கிளை ரயில்தான். அது ஏழாண்டு இல்லாமல் போனதன் வலி, மாவட்டவாரியாகப் பார்த்தால் எந்த மாவட்டத்துக் கணக்கிலும் பெரிதாகத் தெரியாது.

மினி பஸ்ஸையும் சொல்லியாக வேண்டும். சிற்றூரைச் சுற்றியுள்ள குக்கிராமங்களுக்காக 1997-ல் அரசு மினி பஸ் திட்டத்தைக் கொண்டு வந்தது. பஸ் போகாத சாலைதான் வழித்தடத்தில் பெரும்பங்கு இருக்க வேண்டும், ஏற்கெனவே பஸ் போகிற சாலையில் கொஞ்ச தூரம்தான் ஓட்டலாம் என்பது விதி. பெரிய பஸ்ஸின் வருமானத்தை மினி பஸ் தின்றுவிடக் கூடாது என்கிற கவலையில் போட்டது. நியாயமான கவலைதான். ஆனால் கிராமத்து மனிதருக்கு வேண்டியது தன் ஊரிலிருந்து பஸ் ஸ்டாண்ட், சந்தை, ஆஸ்பத்திரி வாசல் வரை ஒரே வண்டி. பாதி வழியில் இறக்கிவிடுகிற வண்டிக்கு அவர் ஏன் காத்திருப்பார்? பல மினி பஸ்கள் காலப்போக்கில் நின்றுபோயின. இப்போது 2025 ஜூனில் தஞ்சாவூரில் புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை போகலாம் என்று விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். விதி தளர்ந்தது நல்லது. அந்த மினி பஸ்ஸின் கடைசி நடை எத்தனை மணிக்கு என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

சரி, இதெல்லாம் தெரிந்து நாம் என்ன செய்வது?

பெரிய கோரிக்கைகள் வைப்பதில் நமக்குப் பழக்கம் அதிகம். புது ரயில் பாதை வேண்டும், நான்குவழிச் சாலை வேண்டும், நவீன பஸ் நிலையம் வேண்டும். இவற்றுக்கெல்லாம் ஆய்வு, மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு என்று பத்தாண்டு ஓடிவிடும். அதற்கிடையில், இருக்கிற பாதையில், இருக்கிற வண்டியில் கேட்கக்கூடியவை இருக்கின்றன. அவற்றுக்குச் செலவு கம்மி. திருவாரூர்–காரைக்குடிப் பாதையே சாட்சி. முன்னாள் ராணுவத்தினரை ஒப்பந்தத்தில் எடுத்துக் கேட்டுக்கு ஆள் போட்டதும் பயண நேரம் இறங்கியது. இரவிலும் வண்டி ஓட வழி பிறந்தது. 2023-ல் தாம்பரம்–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் அந்தப் பாதையில் வந்தது. தண்டவாளத்தில் ஒரு அங்குலம்கூடக் கூட்டாமல், ஆள் போட்டதால் கிடைத்த பலன் அது.

ஆகவே, அடுத்த கிராம சபையில் கேளுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பேரூராட்சி, நகராட்சி என்றால் பகுதி சபை. "எங்கள் ஊருக்கு பஸ் வசதி செய்து தர வேண்டும்" என்று பொதுவாக எழுதினால், பொதுவாகவே பதில் வரும். "ஏற்கெனவே மாலை ஏழு மணிக்கு வந்து திரும்புகிற இன்ன நம்பர் பஸ்ஸை ஒன்பது மணிக்கு வரச்செய்து, இரவு இங்கேயே தங்கவைத்து, காலை ஐந்தேகாலுக்குக் கிளப்ப வேண்டும், டிரைவர், கண்டக்டர் தங்க ஊராட்சிக் கட்டடத்தில் கழிப்பறையோடு ஒரு அறை தருகிறோம்" என்று எழுதுங்கள். அந்த நேரத்தில் போக வேண்டியவர்கள் யார், எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்று ஒரு தாளில் கணக்கெடுத்துச் சேருங்கள்; இப்போது பஸ்ஸில் போகாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். டெப்போ மேனேஜருக்குக் கிலோமீட்டர் வசூல் கணக்கு மட்டும்தான் தெரியும். மீதிக் கணக்கை நாம் கொடுத்தால்தான் உண்டு.

ரயிலுக்கும் இப்படியே. புது ரயில் கேட்பதற்கு முன்னால், இருக்கிற ரயில் எந்த முனையிலிருந்து காலையில் கிளம்புகிறது என்று கால அட்டவணையைப் பாருங்கள். பெட்டிகள் நம் முனையில் இரவு தங்க என்ன தடை என்று கேளுங்கள். தண்ணீர் பிடிக்க வசதி இல்லையா, ஊழியருக்கு ஓய்வறை இல்லையா, ராத்திரிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் இல்லையா? பதில் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும், அதற்கு ஒரு விலையும் இருக்கும். அந்த விலை ஒரு மேம்பாலத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது கேட்பதற்கும் அளவான கேள்வி. ஐந்து ஆண்டுக்குள் செய்தாரா இல்லையா என்று நம் கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.